படகில் படுக்கை போடலாமா?

கே: காசல்ரீ நீர்த்தேக்கத்தில் 16 அடி ஃபைபர் போட் ஓட்டி ஆசை தீரவில்லை. கேபின் வைத்த குரூஸர் வாங்க நினைக்கிறேன். மனைவி வேண்டாம் என்கிறார். உங்கள் தீர்ப்பு? (கினிகத்தேனை)

ப: மனைவி சொன்னபிறகு தீர்ப்பு ஏது? மேன்முறையீடுதான். கேபின் என்பது இரவு வீடு திரும்ப முடியாதவனுக்கான ஏற்பாடு. காசல்ரீயின் எந்த மூலையில் எஞ்ஜினை நிறுத்தினாலும் இருட்டுமுன் கரையேறி பஸ் பிடிக்கலாம். படகில் படுக்க உங்களுக்கு ஒரே ஒரு காரணம்தான் வரும். அது, மனைவி பேச்சைக் கேட்காமல் படகை வாங்கியது.

கே: சின்ன போட்டுக்கு மேல் கூரை போட்டால் கேபின் போட் ஆகாதா? (டிக்கோயா)

ப: நனையாத சின்ன போட் ஆகும். கேபின் குரூஸர் பெரும்பாலும் 25 அடிக்கு மேல். எடை மூன்று நான்கு தொன்னைத் தொடும். மூக்குப் பகுதியில் படுக்கை, ஓர் அடுப்பு, தண்ணீர்த் தாங்கி, கக்கூஸ், அடியில் தேங்குவதை இறைக்கும் பம்ப், இத்தனைக்கும் கரண்ட் கொடுக்கத் தனி பேட்டரி. இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாளைக்குப் பழுதாகும். கூரை மட்டும் தினமும் ஒழுகும்.

கே: பெற்றோல் எவ்வளவு குடிக்கும்? (ஹட்டன்)

ப: முழு வேகத்தில் 40 குதிரைவலு எஞ்ஜின் மணிக்குச் சுமார் 15 லீற்றர் குடிக்கும். கேபின் படகுக்கு 300 குதிரைவலு வேண்டுமென்றால் 100 லீற்றரைத் தாண்டும். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் காட்டி காருக்கு வாரம் 20 லீற்றர் வாங்கினோமே, அது இந்தப் படகுக்குப் பன்னிரண்டு நிமிடத்துக்குக் கூடக் காணாது. இன்னொன்று: ஒவ்வோர் ஆயிரம் அடி உயரத்துக்கும் சாதாரண பெற்றோல் எஞ்ஜின் மூன்று வீதம் வலு இழக்கும். காசல்ரீ 3,500 அடிக்கு மேலே இருக்கிறது. ஆக, நீங்கள் காசு கொடுத்த குதிரைகளில் முப்பது கினிகத்தேனை ஏற்றத்திலேயே களைத்துத் திரும்பிவிடும்.

கே: கொழும்பிலிருந்து களனி கங்கை வழியே படகை மேலே ஓட்டி வந்தால் லொறிக்கூலி மிச்சம்தானே? (கித்துல்கலை)

ப: ஊரை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கலாம். ரப்பர் தோணிகளே பாறைக்குப் பாறை குதிக்கும் இடம் அது. 1957இல் வந்த குவாய் நதிப் பாலம் படத்துக்காக அங்கே ஒரு பாலத்தைக் கட்டி வெடிவைத்துத் தகர்த்தார்கள். உங்கள் படகுக்கு வெடிமருந்தே தேவைப்படாது. தப்பினாலும் மேலே நோர்ட்டன் அணை, அதற்கும் மேலே காசல்ரீ அணை. இந்த ஆற்றில் மின்சாரம் எடுக்கலாமென்று பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இலேயே எழுதினார். படகுக்குப் படிக்கட்டு வேண்டுமென்று எழுதவில்லை.

கே: நம் நாட்டில் சின்னப் படகிலிருந்து கேபினுக்கு யாருமே மாறவில்லையா? (நீர்கொழும்பு)

ப: வீட்டு வாசலில் நின்று பார்த்தால் தெரியுமே! மீனவர்கள் மாறினார்கள். 28 அடி, மூன்றரைத் தொன் படகில் போய் அடுத்த நாளே கரை சேர்ந்தவர்கள், கிட்ட மீன் குறையக் குறையத் தூரம் போனார்கள். மீன் கெடாமலிருக்க ஐஸ் அறை வந்தது. அதற்குப் பிறகுதான் ஆளுக்குப் படுக்கை. 1980களில் பெருகிய இந்தப் பலநாள் படகுகள் இன்று வாரக்கணக்கில் ஆழ்கடலில் நிற்கின்றன. தூரம் கேட்டது, கேபின் வந்தது. நாமோ கேபினை வாங்கி வைத்துக்கொண்டு தூரத்தைத் தேடுகிறோம்.

கே: எங்கள் பக்கம் தூரத்துக்குப் பஞ்சமில்லை. பழைய குரூஸர் ஒன்று மலிவாக வருகிறது. எடுக்கலாமா? (டொரொண்டோ)

ப: முதலில் ஒரு வாரம் வாடகைக்கு எடுங்கள். ட்ரென்ட்-செவர்ன் நீர்வழி உங்கள் மாகாணத்தில்தான் இருக்கிறது, 386 கிலோமீற்றர். வழியில் பீற்றர்பரோவில் 1904இல் திறந்த தூக்கி, படகைத் தொட்டித் தண்ணீரோடு இருபது மீற்றர் அளவுக்கு உயர்த்தும். (கித்துல்கலை வாசகர் கவனிக்க.) ஒரு வாரம் முழுக்க அந்தச் சின்ன அறையில் குடும்பத்தோடு இருந்தும் எல்லோரும் பேசிக்கொண்டால் விலை பேசலாம். அப்போதும் படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி, விபரம் தெரிந்த சோதனையாளரிடம் அடிப்பாகத்தைக் காட்டாமல் முற்பணம் கொடுக்காதீர்கள்.

கே: கேபினுக்குள் தூங்குவது ஆபத்தா? (பொகவந்தலாவை)

ப: இதற்குப் பகிடி இல்லை. எஞ்ஜினோ ஜெனரேற்றரோ ஓடும்போது வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை; தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். மூடிய அறையில் கரியடுப்போடு படுப்பதும் இதுவும் ஒன்றுதான். எச்சரிக்கை மணி பொருத்துங்கள். எஞ்ஜின் உள்ளே இருக்கும் பெற்றோல் படகென்றால், நான்கு நிமிடம் காற்றூதியை ஓடவிட்டு ஆவியை வெளியேற்றிய பிறகே சாவியைத் திருப்புங்கள்.

கே: படகுக் கக்கூஸ் கழிவு எங்கே போகும்? (நோர்வூட்)

ப: படகிலேயே ஒரு தாங்கியில் சேரும். கரைக்கு வந்து பம்ப் போட்டு எடுக்கவேண்டும். அந்த வசதி இல்லாத இடத்தில் சிலருக்குக் கை தாங்கியின் வால்வை நோக்கிப் போகும். காசல்ரீத் தண்ணீர் களனியில் சேர்கிறது; அதே களனியிலிருந்துதான் அம்பத்தலையில் கொழும்புக்குக் குடிதண்ணீர் எடுக்கிறார்கள். மலையகத்திலிருந்து தலைநகருக்குத் தங்குதடையின்றிப் போய்ச் சேர்ந்த ஒரே மனு இதுவாக இருக்க வேண்டாம்.