ஆப்ரிகாட் இருப்பியல்: ஒரு நூற்பாவும் அதன் உரையும்

மெல்லியது இனிக்கும்; வல்லியது இருக்கும்;
இரண்டும் பெற்றது ஏட்டில் பழுக்கும்.

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், பறித்த ஆப்ரிகாட் எத்தனை நாள் தாங்கும் என்பதும், அத்தனை நாள் தாங்கியதைத் தின்றுதான் ஆகவேண்டுமா என்பதும் உணர்த்துதல் நுதலிற்று. சூத்திரமும் நம்முடையது, உரையும் நம்முடையது. ஆகவே நூலாசிரியரை உரையாசிரியர் மடக்கும் வழக்கமான தொல்லை இங்கில்லை.

'மெல்லியது' என்றதனால் கலிஃபோர்னியாவின் பிளென்ஹைம் கொள்க. இன்று சிலிக்கானுக்குப் பேர்போன சாந்தா கிளாரா பள்ளத்தாக்கு முன்பு இதன் தோப்புகளுக்குப் பேர்போனது. இது உள்ளிருந்து வெளியே பழுக்கும் பழம். காம்புப் பக்கம் இன்னும் பச்சையாக இருக்கும்போதே உள்ளே கனிந்து முடிந்திருக்கும். முழுக்க மஞ்சளாகட்டும் என்று காத்திருந்தவருக்குக் கூழ்தான் மிச்சம். தின்றவர்கள் இதன்மேல் சத்தியம் செய்கிறார்கள், லாரியில் ஏற்றி அனுப்பியவர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள்.

'வல்லியது' என்றதனால் பேட்டர்சன் கொள்க. சதை கெட்டி, பெட்டியில் அடுக்கினாலும் அவ்வளவாக நசுங்காது. அதனாலேயே சந்தையைப் பிடித்துக்கொண்டது. அதன் சுவை குறித்து அறிந்தோர் மௌனம் சாதிப்பர். அம்மரபை நாமும் காப்போம்.

அற்றேல், ஃபிரிட்ஜ் எதற்கு இருக்கிறது எனின், கேட்டவர் வசமாக மாட்டிக்கொண்டார். பறித்த பிறகும் எத்திலீன் விட்டுத் தானே பழுத்துக்கொண்டு போகும் சாதி இது. 0 டிகிரியில், 90 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதத்தில் வைத்தால், பெரும்பாலான ரகங்கள் ஒன்றிரண்டு வாரம் தாக்குப்பிடிக்கும். கொஞ்சம் தாராளமாக 5 டிகிரியில் வைத்தாலோ, குளிர் ஒத்துக்கொள்ளாத ரகங்களில் சதை கொழகொழத்து, கொட்டையைச் சுற்றிப் பழுப்பேறி, மணமும் போய்விடும். நம் வீட்டு ஃபிரிட்ஜ் ஓடுவது ஏறக்குறைய அந்த 4, 5 டிகிரியில்தான். ஆக, ஆப்ரிகாட்டைக் கெடுப்பதற்கென்றே அளந்து செய்ததுபோன்ற ஓரிடத்தை, கொத்தமல்லிக் கட்டுக்கும் நேற்றைய சாம்பாருக்கும் நடுவில், மாதத் தவணை கட்டி வாங்கி வைத்திருக்கிறோம். வெளியே வைத்தால் சில நாளில் போகும். உள்ளே வைத்தால் போனது தெரியாமல் போகும். எது மேல் என்பதில் குடும்பத்துக்குக் குடும்பம் பாட பேதம் உண்டு.

இனிப் புறனடை. லடாக்கில் ரக்ட்சே கார்ப்போ என்றொரு ரகம். 2022இல் புவிசார் குறியீடு பெற்றது. மற்ற ரகங்களின் கொட்டை பழுப்பு, இதன் கொட்டை வெள்ளை. பல ரகங்களில் பருப்பு கசக்கும், இதில் பருப்பும் இனிக்கும். இவ்வளவு இனிக்கும் பழம் சீக்கிரம் கெடுமே என்று அவ்வூர்க்காரர்கள் ஆய்வுக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கவில்லை. பழத்தை மொட்டை மாடியிலும் பாறையிலும் பரப்பிக் காயவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள். துருக்கியின் மலாத்யாவிலும் இதே கதை. அங்கே உலர்த்துவதற்கென்றே பேர்பெற்றது ஹஜிஹலிலோலு ரகம். சர்க்கரை மிகுதி, ஆகவே காய்ந்த பிறகும் காசு. கடையில் பளபளக்கும் அந்த ஆரஞ்சு நிறம் கந்தகப் புகையின் உபயம். ஐரோப்பிய ஒன்றியம் கிலோவுக்கு 2000 மில்லிகிராம் வரை கந்தக டை ஆக்சைடை அனுமதிக்கிறது. புகை காட்டாமல் வெயிலில் மட்டும் காய்ந்தது கறுத்துச் சுருங்கிக் கிடக்கும். சுவையில் அதுவே ஒரு படி மேல் என்பது உரையாசிரியர் துணிபு. ஆனால் கல்யாணத் தாம்பூலப் பையில் போட்டுக் கொடுத்தால் வாங்கியவர் ஒரு மாதிரி பார்ப்பார்.

காய்ந்தது மாதக்கணக்கில் இருக்கிறதே, இதனால் சூத்திரம் பொய்த்ததோ எனின், அற்றன்று. ஹைதராபாத்தில் குபானி கா மீட்டா செய்பவர்கள் அதை இராத்திரியே ஊறப்போட்டு, சர்க்கரையோடு குழைய வேகவைத்து, கொட்டையை உடைத்துப் பருப்பை மேலே தூவி, பாலாடையோடு பந்திக்கு அனுப்புகிறார்கள். வல்லியது அங்கே மறுபடி மெல்லியதாகிறது. எத்தனை நாள் தாங்கும் என்று பார்க்கலாமென்றால், இரண்டாம் பந்திக்கே பாத்திரம் காலி.