பல்லக்கில் போகும் பைக்

அமெரிக்காவில் டூயல் ஸ்போர்ட் என்றொரு பைக் வகை உண்டு. மண்ணிலும் ஓடும், தார்ச்சாலையிலும் ஓடும். அதற்காகவே இண்டிகேட்டர், கண்ணாடி எல்லாம் பூட்டி விற்கிறார்கள். வாங்கியவரில் பலர் அடுத்துச் செய்யும் காரியம், அதைச் சாலையில் ஓட்டாமல் கொண்டுபோக வழி தேடுவது!

காரணம் இல்லாமலில்லை. டென்வரிலிருந்து யூட்டா மாநிலத்து மோவாப் மண்தடங்களுக்கு ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். யமஹா டிடபிள்யூ200 போன்ற சின்ன டூயல் ஸ்போர்ட்டில் அந்த நெடுஞ்சாலையில் கிளம்பினால், லாரிக்காரர்கூட இரக்கப்பட்டு ஒதுங்கிப்போவார். ஆகவே, லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கூடத் தராத பிக்கப், முப்பது தரும் பைக்கைச் சுமந்து போகிறது.

பிக்கப் இல்லாதவர் காரின் பின்கொக்கியில் இரும்புத் தாங்கி மாட்டுகிறார். இங்கேதான் கணக்கு உதைக்கும். அந்த யமஹா பைக் சுமார் 126 கிலோ. தாங்கியின் எடை தனி. சில சின்ன எஸ்யூவிகளின் கொக்கிக்கு அனுமதித்த செங்குத்துப் பாரமோ 68 கிலோ! அதுவும் பம்பருக்கு வெளியே தொங்குவதால் முன்சக்கரங்கள் லேசாகி, ஸ்டியரிங் சொன்னபடி கேட்காது. தாங்கியின் அட்டையில் மட்டும் ‘180 கிலோ வரை’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பொய்யில்லை. தாங்கி தாங்கும், கார் தாங்காது.

காசு கொடுக்குமுன் காரின் கையேட்டைப் புரட்டுங்கள். எண் இடித்தால் சின்ன டிரெய்லர் எடுங்கள். அதன் மொத்த எடையில் பத்துப் பதினைந்து சதவீதம்தான் கொக்கியில் இறங்கும்.