சாலைத் தெருச் செங்கறை: ஒரு மூலபாட ஆராய்ச்சி

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் தொடங்கிக் கிள்ளிப்பாலம் பக்கம் நீளும் சாலைக் கம்போளம், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாஸ் உண்டாக்கியது. அவர் காலத்தில் இங்கே நின்றவை மாட்டுவண்டிகள். மாட்டுவண்டிக்கு அடியில் எது கிடந்தாலும் அதன் மூலம் பற்றி அறிஞரிடையே கருத்து வேற்றுமை எழ வழியில்லை. ஆட்டோமேட்டிக் கியர் வைத்த பழைய கார் வந்து நின்ற பிறகே சிக்கல் தோன்றிற்று. இத்தெருவில் கடை நடத்திக்கொண்டே இதன் மனிதர்களைக் கதையாக எழுதி, 2015இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்ற ஆ. மாதவன், கார்களின் அடிப்பகுதியை ஆராயாமல் விட்டுவிட்டார். அக்குறையை இக்கட்டுரை நீக்கும்.

ஆய்வுப் பொருள், வெல்லக் கடை ஒன்றின் முன் இரவெல்லாம் நின்ற கார். காலையில் அதன் கீழே உள்ளங்கை அகலத்தில் சிவப்புக் கறை. காரைத் தயாரித்தவர் பெயர் ஆய்வு மரபு கருதியும், உரிமையாளர் பெயர் அவருடைய மானம் கருதியும் மறைக்கப்படுகின்றன.

வேறு தெருவானால் சிவப்பைக் கண்டதும் கியர் ஆயில் என்று முடிவு கட்டிவிடலாம். சாலையில் சிவப்புக்கு வாரிசுகள் பலர். சுமை இறக்குவோரின் வாயிலிருந்து வந்த வெற்றிலைச் சாறு என்பது முறுக்கான் மரபினர் கொள்கை. ஓட்டல்காரன் தம்ளர் கழுவிக் கொட்டிய, பதிமுகம் போட்டுச் சிவந்த குடிவெள்ளம் என்பர் வேறு சிலர். ஆற்றுகால் பொங்காலை முடிந்த வாரத்தில் மட்டும் அடுப்புச் செங்கல் பொடிதான் என்றொரு கட்சி தலைதூக்கி, மழை பெய்ததும் கரைந்துவிடும்.

அற்றேல், நிறங்கொண்டு துணியலாகாதோ எனின், ஆகாது என்க. கியர் ஆயிலின் சிவப்பு வெறும் சாயம். எஞ்சின் ஆயிலோடு குழம்பாமல் அடையாளம் தெரிவதற்காகச் சேர்த்தது; எண்ணெயின் வேலைக்கும் அதற்கும் தொடர்பில்லை. சூடுபட்டுப் பழகினால் பழுப்பாகிவிடும். ரேடியேட்டரில் ஊற்றும் கூலண்டிலும் சிவப்பு வகை உண்டு. பல கார்களில் பவர் ஸ்டீயரிங்குக்கும் இதே எண்ணெய்தான். ஆகவே சிவந்ததெல்லாம் கியர் ஆயிலும் அன்று, கியர் ஆயில் எல்லாம் சிவந்ததும் அன்று. 1970களின் தொடக்கம் வரை இவ்வெண்ணெய்களில் திமிங்கில எண்ணெய் கலந்துவந்தார்கள். அமெரிக்கா தடை போட்ட பிறகே வேதியியலார் மாற்று தேடினர். சுத்த சைவரான வெல்லக் கடைக்காரர் இதைக் கேட்டதும் கறையிலிருந்து ஓரடி விலகி நின்றார்.

கறை எதுவென அறிய, பழைய கலியாணப் பத்திரிகை ஒன்றை, வெள்ளைப் புறம் மேலாக, இரவில் வண்டிக்கடியில் வைப்பதே முறை. வெற்றிலைச் சாறானால் காய்ந்து பொருக்குத் தட்டும். தவிர, காருக்கடியில் படுத்துத் துப்பும் ஆற்றல் எந்தச் சுமட்டுத் தொழிலாளிக்கும் இல்லை. கூலண்ட் நீராளமாய் இருக்கும், இனிப்பு வாடை அடிக்கும். கியர் ஆயிலோ காயாது. அட்டையில் ஊறி, சுற்றிலும் எண்ணெய் வளையம் கட்டும். கருகல் நாற்றமும் சேர்ந்தால் உள்ளே கிளட்ச் தட்டுகள் தீய்ந்திருக்கின்றன என்று பொருள்.

இனி மூலம். சொட்டு விழுந்த இடத்தை மூலம் என்பது, கடைசியாகப் படியெடுத்த ஏட்டைப் புலவன் கையெழுத்து என்பது போன்ற பிழை. எண்ணெய் கீழே வழியும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும். ஆதலால் ஈரம் கண்ட இடங்களுள் மிக மேலானதும் மிக முன்னானதும் எதுவோ, அதுவே மூலபாடம். அடிப்பகுதியைக் கழுவித் துடைத்து, கரமனை வரை ஓட்டி வந்து, டார்ச்சோடு படுத்துப் பார்க்க வேண்டும். கூலர் ரப்பர் குழாய், ஆக்சில் நுழையும் இடத்து ஆயில் சீல், டார்க் கன்வர்ட்டரின் முன் சீல் என ஐயத்துக்குரியோர் பலர். கடைசியாகச் சொன்னதற்குக் கியர் பெட்டியையே இறக்க வேண்டும்; பில்லைப் பார்த்து உரிமையாளரும் இறங்குவார். பணிமனைகளுக்குப் பிடித்தது ஆயில் பான் ஒன்றே. அதன் போல்ட்டுகளை முறுக்கோ முறுக்கென்று முறுக்கி, விளிம்பை வளைத்து, முன்பு இல்லாத ஒழுக்கையும் உண்டாக்கி, மேலே அனபாண்ட் பசை பூசி அனுப்புவார்கள்.

நம் வண்டியில் பான் நனைந்திருந்தது, சீல்களோ காய்ந்திருந்தன. ஈரத்தின் தடம் பக்கவாட்டில் ஏறி ஏறி, பெட்டியின் உச்சியில் காற்றுப் போக்கியில் போய் முடிந்தது. உரிமையாளர் அளவுக் கம்பியைக் காலையில், எஞ்சினை ஓடவிட்ட கையோடு, எண்ணெய் குளிர்ந்திருக்கையில் பார்த்துவந்திருக்கிறார். அவர் வண்டிக்கோ எஞ்சின் ஓட, எண்ணெய் சூடேறிய பின் பார்ப்பதே முறை. குளிரில் அளவு குறைவாகவே காட்டும். அவரும் ஊற்றிக்கொண்டே இருந்தார். மிகுந்த எண்ணெய் சுழலும் பாகங்களில் மோதி நுரைத்து, மேல் துளை வழியே வெளியேறியது. ஒழுகுகிறதே என்று ஊற்றினார், ஊற்றியதால் ஒழுகியது.

இம்முடிபு கடைவாசலில் முறைப்படி அறிவிக்கப்பட்டது. முறுக்கான் மரபினர் ஏற்கவில்லை. வெல்லக் கடைக்காரர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எண்ணையோ எச்சிலோ, லாரி வந்து நிக்கி. வண்டிய எடும் ஓய்” என்றார்.