ஆடு மறித்தால் மின்சாரம்: மல்லாங்கிணற்றுச் சொகுசு ஹைபிரிட் குறித்த ஓர் ஆய்வு

அரசியல்வாதி தங்கம் தென்னரசுவும் கவிஞர் தமிழச்சி தங்கபாண்டியனும் பிறந்த ஊர் என்ற வகையில் விருதுநகர் மாவட்டத்து மல்லாங்கிணறு அரசியலிலும் இலக்கியத்திலும் இடம்பிடித்துவிட்டது. மோட்டார் வாகனவியலில் அதற்குரிய இடம் இன்னும் கிடைத்தபாடில்லை. அந்தக் குறையைத் தீர்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுப் பொருள், லெக்சஸ் என்எக்ஸ் 350எச் என்னும் ஜப்பானிய எஸ்யூவி. நீளம் 4,660 மில்லிமீட்டர், அகலம் 1,865. இந்த அகலத்தில் பக்கக் கண்ணாடிகள் சேராது என்பதைத் தெருவில் திண்ணை வைத்திருப்பவர்கள் கவனத்தில் கொள்ள வேண்டும். 2.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், கூடவே மின்மோட்டார்கள், பின் இருக்கைக்கு அடியில் பேட்டரி. பதிவு எண் டிஎன் 67. உரிமையாளர் பட்டாசு மொத்த வியாபாரி. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கூச்சத்தால் அல்ல, வருமானவரியை நினைத்து. ஊர் கூப்பிடுகிறபடி நாமும் அண்ணாச்சி என்றே வைத்துக்கொள்வோம்.

வண்டி ஊருக்குள் வந்த அன்றே முதல் ஆய்வரங்கம் டீக்கடையில் கூடியது.

“எங்கிட்டு வயரைச் சொருகி சார்ஜ் ஏத்துவீக அண்ணாச்சி?”

“வயரே கெடையாது. ஓட ஓடத் தானா ஏறிக்கிரும்.”

“எங்க டிராக்டர் பேட்டரியுந்தான் ஓட ஓடத் தானா ஏறுது. அதுக்கு எதுக்கு இம்புட்டு வெல?”

இந்த எதிர்வாதத்தை லேசில் தள்ளிவிட முடியாது. டிராக்டர் பேட்டரியில் ஏறும் கரண்ட் விளக்குக்கும் ஸ்டார்ட்டருக்கும் போகிறது. இங்கே அது சக்கரத்தையே சுற்றுகிறது. வேறுபாடு அவ்வளவுதான் என்றாலும், அந்தக் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் சங்கதி இருக்கிறது. சாதாரண வண்டியில் பிரேக்கை மிதித்தால் ஓட்டத்தின் சக்தி முழுவதும் பிரேக் தகட்டில் சூடாகிக் காற்றோடு போய்விடும். ஹைபிரிட்டில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததுமே மோட்டார் வேலையை மாற்றிக்கொள்கிறது. இதுவரை சக்கரத்தைச் சுற்றிய மோட்டாரை இப்போது சக்கரம் சுற்றுகிறது, மோட்டார் ஜெனரேட்டராகிவிடுகிறது. வேகம் குறையக் குறைய பேட்டரியில் ஏறுகிறது. திடீரென்று ஓங்கி மிதித்தால் பழைய பிரேக் தகடும் துணைக்கு வரும். மறுபடி கிளம்பும்போது, சேர்த்து வைத்த கரண்ட் முதல் தள்ளு தள்ளிவிட, இன்ஜின் நிதானமாக எழுந்து வரும்.

டீ மாஸ்டர் இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரே கேள்வியில் மடக்கினார்: “எப்படிச் சுத்தி வந்தாலும் அது நீங்க போட்ட பெட்ரோல்தான அண்ணாச்சி?”

இயற்பியல் படி இது முற்றிலும் சரி. வயர் சொருகாத ஹைபிரிட்டில் வெளியிலிருந்து ஒரு துளி மின்சாரமும் வருவதில்லை. செலவழித்ததில் சிந்துவதைப் பொறுக்கிச் சேர்ப்பது மட்டுமே அதன் வித்தை. அண்ணாச்சி இந்தக் கேள்விக்குச் சொன்ன பதில்தான் இந்த ஆய்வின் மையக் கருதுகோள். “ஆமய்யா. மகமையும் நம்ம காசுதான?”

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். விருதுநகர் வியாபாரிகள் நடக்கிற ஒவ்வொரு வியாபாரத்திலும், மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையைப் பொதுவுக்கு ஒதுக்கினார்கள். அதுதான் மகமை. கொடுத்தவனுக்குக் கை கடிக்காது. சேர்ந்ததைப் பார்த்தால் பெருந்தொகை. அந்தப் பணத்தில்தான் 1889-ல் சத்திரிய வித்யாசாலா எழுந்தது. வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து வைத்து நடந்த பள்ளிக்கூடம் அது. காமராஜர் படித்ததும் அங்கேதான். பிரேக் மிதிக்கும்போதெல்லாம் ஒரு பிடியை எடுத்து வைத்து, தேவைப்படும்போது திருப்பிக் கொடுக்கும் எந்திரத்தைப் புரிந்துகொள்ள அந்த ஊர்க்காரனுக்கு எந்தப் பொறியாளரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

காலவரிசையையும் இங்கே நிறுவிவிடலாம். ஃபெர்டினாண்ட் போர்ஷே பெட்ரோலையும் மின்சாரத்தையும் சேர்த்து ‘செம்பர் விவஸ்’ வண்டியைச் செய்தது 1900-ல். டொயோட்டா ப்ரியஸ் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது 1997 டிசம்பரில். லெக்சஸ் இந்தியாவுக்குள் நுழைந்தது 2017-ல். வித்யாசாலாவோ 1889. ஆக, போர்ஷேவை விருதுநகர் 11 ஆண்டுகள் முந்திவிட்டது. போர்ஷே இந்தப் பக்கம் வந்து பார்த்துவிட்டுப் போனார் என்று வாதிட நமக்கு ஆதாரம் இல்லை, ஆசை உண்டு.

இனி அளவை. ஆளும் சரக்கும் ஏறிய வண்டி 2,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும்போது அதன் ஓட்டத்தில் இருக்கும் சக்தி சுமார் 0.077 யூனிட். ஒரு சொட்டு வீணாகாமல் அத்தனையும் பேட்டரிக்குள் போனால்கூட அவ்வளவுதான். தமிழ்நாட்டு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 100 யூனிட் இலவசம் என்று 2016-ல் அறிவித்தார்கள். அந்த 100 யூனிட்டைப் பிரேக் மிதித்துச் சம்பாதிக்க, 60-ல் போய்ச் சுமார் 1,300 முறை நிற்க வேண்டும்.

எனவே ஒரு ஹைபிரிட் வண்டியின் செழிப்பு அது எத்தனை தடவை மறிக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது. நான்குவழிச் சாலையில் ஒரே சீராக 100-ல் போனால் பிரேக்குக்கு வேலை இல்லை. மகமைப் பெட்டி காலி. விருதுநகரில் திரும்பி மல்லாங்கிணற்றுச் சாலையைப் பிடித்ததும் நிலைமை தலைகீழாகிறது. வேகத்தடை, சோளம் காயப் போட்ட பாதித் தார்ச்சாலை, பஸ்ஸுக்குக் கை காட்டிக்கொண்டே குறுக்கே ஓடும் பாட்டி, எல்லாவற்றுக்கும் மேலாக ஆட்டுமந்தை. கரிசல் காட்டில் ஏற்ற இறக்கம் கிடையாது. மலைச் சரிவில் இறங்கிச் சேர்க்க வேண்டிய மின்சாரத்தை இங்கே ஆடுகள் கொடுக்கின்றன. மற்ற கார்க்காரர்கள் மந்தையைக் கண்டால் வைகிறார்கள். அண்ணாச்சி திரையில் ஏறிய பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டு பொறுமையாக நிற்கிறார். சொகுசு வண்டிகளில் மசாஜ் இருக்கை உண்டு என்கிறார்கள்; ரத்த அழுத்தத்துக்கு அதைவிட இது உத்தமம் என்பது இவ்வாய்வாளர் கருத்து.

சத்தம் பற்றியும் சொல்லியாக வேண்டும். பட்டாசு வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று 1999-ல் விதி போட வேண்டியிருந்த அளவுக்குச் சத்தத்தைத் தொழிலாகக் கொண்ட மாவட்டம் இது. இங்கே அண்ணாச்சி பட்டனை அமுக்கினால் ‘ரெடி’ என்று ஒரு விளக்கு எரியும். அவ்வளவுதான் ஸ்டார்ட் ஆனதற்கு அடையாளம். புதிதாக வந்த டிரைவர் ஸ்டார்ட் ஆகவில்லை என்று நினைத்து மறுபடி அமுக்குவார்; வண்டி அணைந்துவிடும். இதன் மறுதலை இன்னும் மோசம். ஓடிக்கொண்டிருப்பது தெரியாமல் ஷெட்டில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனால், பேட்டரி குறையும்போது ஆளில்லாத ஷெட்டில் இன்ஜின் தானே உயிர்பெறும். அண்ணாச்சியின் தாயார் ஷெட்டில் விபூதி போட்டது இதற்குப் பிறகுதான்.

பராமரிப்பு இயலுக்கு வருவோம். பின் இருக்கையின் அடியில், உட்காருபவரின் குதிகாலுக்குப் பின்னால், விரல் நுழையாத சட்டங்கள் வைத்த காற்றுத் துளை ஒன்று உண்டு. வண்டிக்குள் இருக்கும் ஏசிக் காற்றை இந்த வழியாக இழுத்துத்தான் பேட்டரி சூடு ஆற்றிக்கொள்கிறது. இதை மறைக்கக் கூடாது என்பது கையேட்டின் கட்டளை. மல்லாங்கிணற்றில் ஒரு புது வண்டி வந்தால் முதல் வேலை, தோல் இருக்கை அழுக்காகாமல் சமுக்காளம் விரிப்பது. அதன் குஞ்சம் நேராகத் துளையின் மேல் தொங்கியது. கள ஆய்வில் அந்தச் சட்டங்களுக்கு இடையிலிருந்து நாம் எடுத்தவை: சாத்தூர்ச் சேவுத் துணுக்குகள், கரிசல் புழுதி, பிச்சிப்பூ நார், ஒரு கொண்டை ஊசி. சேவில் எண்ணெய் இருப்பதால் புழுதி நன்றாகப் பிடித்து, சுரண்டினால் அடையாக வந்தது. அறுபத்தைந்து லட்ச ரூபாய் வண்டி இந்த அடையால் மூச்சு முட்டிக்கொண்டிருந்தது.

இரண்டாவது நோய் தீபாவளி சீசனில் வரும். அண்ணாச்சி வாரக்கணக்கில் சிவகாசியிலேயே கிடப்பார். வண்டி ஷெட்டில் கிடக்கும். திரும்பி வந்து குலதெய்வம் கோயிலுக்குக் கிளம்பினால் கதவே திறக்காது. பெரிய பேட்டரியில் இருநூறு வோல்ட்டுக்கு மேல் இருந்தும் பயனில்லை. அதை மோட்டாரோடு இணைக்கும் ரிலேயை மூட, தனியாக இருக்கிற சின்ன 12 வோல்ட் பேட்டரியில் உயிர் வேண்டும். அது செத்தால் வண்டி முழுவதும் செத்ததுதான். இளவட்டங்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ள வந்தார்கள். ஹைபிரிட்டைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது. பார்க்கிங் பூட்டில் நிற்பதைத் தள்ளவும் முடியாது. கடைசியில் டீக்கடை வாதத்தில் தோற்றதாகக் கருதப்பட்ட அதே டிராக்டர் வந்து நின்றது. அதன் 12 வோல்ட்டிலிருந்து வயர் போட்டதும் ‘ரெடி’ எரிந்தது. டிராக்டர்காரர் எதுவும் பேசவில்லை. பேச வேண்டிய அவசியமும் இல்லை.

பொருளாதாரத்தைச் சுருக்கமாகவே முடிக்கலாம், ஏனென்றால் அது சோகம். இந்த வண்டி 2022 மார்ச்சில் வந்தபோது ஷோரூம் விலை 64.90 லட்சத்தில் தொடங்கியது. 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்குத் தமிழ்நாட்டில் ஆயுள் வரி 20 சதவீதம். சுமார் 13 லட்சம். முழு மின்கார் என்றால் அந்த வரி இல்லை. ஜிஎஸ்டியும் 5 சதவீதம்தான். பாதி மின்சாரத்துக்குப் பாதிச் சலுகையாவது உண்டா என்றால் இங்கே அதுவும் இல்லை. உத்தரப் பிரதேசத்தில் 2024 ஜூலையில் ஹைபிரிட்டுக்குப் பதிவு வரியை விலக்கினார்கள். அந்த 13 லட்சத்துக்கு லிட்டர் 100 ரூபாய் கணக்கில் பெட்ரோல் வாங்கி, லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடினால் 1,95,000 கிலோமீட்டர் போகலாம். நிலாவுக்குப் போகிற தூரத்தில் பாதி. மிச்சம் பிடிக்கிற எந்திரத்தை வாங்குவதில் மிச்சம் பிடிக்க முடியாது என்பது அண்ணாச்சிக்குத் தெரியாததல்ல. “பெறகு ஏன் வாங்குனீக?” என்று கேட்டதற்கு, “மச்சினன் டீசல் வண்டி வாங்கிட்டான்ல” என்றார். ஆய்வு நெறிப்படி இதைப் பதிவு மட்டும் செய்கிறோம்.

கடைசியாக ஒரு வழக்கு நிலுவையில் இருக்கிறது. ஆடு மறிப்பதால்தான் பேட்டரி ஏறுகிறது என்ற நம் முடிவு எப்படியோ கீதாரி காதுக்கு எட்டிவிட்டது. புஞ்சைக்காரர் நிலத்தில் கிடை போட்டு, ஆடு நின்ற இடத்துக்குக் கூலி வாங்குவது அவர் தொழில். ரோட்டில் நின்றால் மட்டும் எப்படி இலவசமாகும்? மந்தையை ரோட்டிலேயே நிறுத்திவிட்டுக் கார்க் கண்ணாடியைத் தட்டினார்.

“எம்பங்கு எம்புட்டு அண்ணாச்சி?”

அண்ணாச்சி ஆய்வாளரைப் பார்த்தார். யூனிட்டுக்கு ஐந்து ரூபாய் போட்டால் ஒரு மறிப்புக்குச் சுமார் 39 காசு தேறும் என்று கணக்கைச் சொன்னோம். அண்ணாச்சி இறங்கி, கீதாரிக்குப் பன்னிரண்டு ரூபாய் டீ ஒன்று வாங்கிக் கொடுத்து, கணக்கு பைசலாகிவிட்டது என்றார்.

கீதாரி டீயைக் குடித்து முடிக்கும்வரை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். பிறகு துரட்டியைத் தோளில் போட்டார்.

“அப்ப இன்னும் முப்பது தடவ மறிக்கணும் அண்ணாச்சி. நாளைக்கு எத்தன மணிக்கு வருவீக?”