ஐஸ்கிறீம் குச்சியிலிருந்து கதிர்காமம் வரை

இலங்கையில் ஆரம்பக் கல்வி என்பது தரம் 1 முதல் தரம் 5 வரை. 1997ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் 1998இல் கம்பஹா மாவட்டத்தில் பரீட்சித்துப் பார்க்கப்பட்டு, 1999இல் நாடு முழுவதும் தரம் 1க்கு வந்தது. அதன்படி சின்னப் பிள்ளைக்குப் படிக்க மூன்று வழிகள் உண்டு: விளையாட்டு, செயற்பாடு, மேசையில் இருந்து எழுதுவது. கீழ் வகுப்புகளில் முதல் இரண்டும் கூடுதல். மேலே போகப் போக எழுத்து வேலை கூடும். தரம் 5இன் வாசலில் புலமைப்பரிசில் பரீட்சை நிற்பதால், அந்த வகுப்பில் எஞ்சும் ஒரே செயற்பாடு கடந்தகால வினாத்தாள் செய்வது. ஒரே சுற்றுலா, பின்னேர வகுப்புக்குப் போய்வருவது.

விளையாடவிட்டுப் படிப்பிக்கலாம் என்பதை ஜெர்மனியில் பிரோபெல் 1837இலேயே செய்து காட்டினார். 1901இல் சாந்திநிகேதனில் தாகூர் வகுப்பை மரத்தடிக்குக் கொண்டுபோனார். ஊவாவின் தோட்டப் பாடசாலைகள் இந்த இருவரையும் கேள்விப்படாமலே இரண்டையும் செய்துவந்தன. ஒரே மண்டபத்தில் அத்தனை வகுப்பும் இருந்த காலத்தில், ஒரு வகுப்பு வாய்ப்பாடு சொன்னால் பக்கத்து வகுப்பு பாட்டுப் படிக்க முடியாது. ஆகவே ஏதாவது ஒரு வகுப்பு மரத்தடிக்குப் போகும். தாகூருக்கு அது கொள்கை, இங்கே இடப் பிரச்சினை. பிள்ளைகளுக்கு இரண்டிலும் காற்று ஒன்றுதான்.

தரம் 1 ஆண்டின் தொடக்கத்தில் பிள்ளையை இனங்காணும் செயற்பாடுகளோடு ஆரம்பிக்கிறது. பந்து எறிகிறதா, நிறம் பிரிக்கிறதா, மற்றப் பிள்ளையோடு சேருகிறதா என்றெல்லாம் ஆசிரியர் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். எதிர்ப்பக்கத்திலும் இதே வேலை நடக்கிறது என்பதை ஆசிரியர் வழிகாட்டி சொல்வதில்லை. டீச்சர் எந்த பஸ்ஸில் வருகிறார், அந்த பஸ் பிந்தினால் முகம் எப்படி இருக்கும், எந்த நேரத்தில் கேட்டால் வெளியே விடுவார், யாருடைய அழுகைக்கு இரங்குவார் என்பதெல்லாம் முதல் கிழமையிலேயே பிள்ளைகளுக்கு மனப்பாடம். ஆசிரியரின் குறிப்பேடு நிறைய நாளாகும்.

செயற்பாட்டுக்குப் பொருள் வேண்டும். பொருளின் பெயர் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதப்பட்டு வீட்டுக்கு வரும். காலையில் எழுதிக் கொடுத்ததைப் பிள்ளை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் நினைவுகூரும். இதற்கு விலக்கே கிடையாது. மொனராகலைப் பக்கத்து இறப்பர் தோட்டங்களில் தாய் விடியற்காலையில் பால் வெட்டப் போகிறவர். அவர் படுக்கப்போகும் நேரத்தில்தான் “நாளைக்கு ஐஸ்கிறீம் குச்சி இருபது கொண்டு போகணும்மா” என்ற அறிவித்தல் வரும். இருபது குச்சிக்கு இருபது ஐஸ்கிறீம் வேண்டும். லயத்தில் அந்த நேரத்தில் ஒரு ஐஸ்கிறீமும் கிடையாது. தகப்பன் மூங்கிலைச் சீவுவார், தாத்தா உரசி மழுப்புவார், அக்கா சாயம் பூசுவார், பிள்ளை தூங்கிவிடும். மறுநாள் “தானாகச் செய்கிறார்” என்ற கூட்டுக்குள் சரி அடையாளம் விழும். உள்ளபடி பார்த்தால் அந்தப் புள்ளி தாத்தாவுக்குரியது. டவுனில் கொப்பிக் கடை வைத்திருப்பவர்களுக்கோ பாடத்திட்டம் ஆசிரியர்களை விட நன்றாகத் தெரியும். மினுக்குத் தாளை அவர்கள் முன்வரிசையில் தொங்கவிட்டால், அடுத்த கிழமை வெசாக் கூடா நத்தார் நட்சத்திரமா என்று கேட்கத் தேவையில்லை.

பாடத்திட்டம் போடாத பொருள்களும் உண்டு. இறப்பர் மரத்தின் காய் வெயிலில் படாரென்று வெடித்து விதையைத் தூர எறியும். புள்ளிபோட்ட அந்த வழுவழுப்பான விதை, எண்ணிப் படிக்கக் காசில்லாமல் கிடைக்கும் கருவி. டீச்சர் பத்துப் பத்தாகக் குவிக்கச் சொல்வார். குவிக்கும்போதே பின்வரிசையில் ஒருவன் ஒரு விதையை எடுத்துச் சீமெந்துத் தரையில் வேகமாகத் தேய்ப்பான். நன்றாகச் சூடேறியதும் முன்னால் இருப்பவனின் கையில் வைப்பான். உராய்வினால் வெப்பம் பிறக்கும் என்ற விஞ்ஞானப் பாடம் வருவதற்குப் பல வருடம் முன்பே அதன் செய்முறைப் பரீட்சை இப்படி முடிந்துவிடும். குவியல் ஒன்பதாகக் குறைந்ததுதான் கணிதத்தில் தெரியும் சேதம்.

சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளில் நமக்கு உதவி செய்பவர்களைப் பற்றிய பாடம் ஒன்று வரும். பிள்ளைகள் வேடம் போட வேண்டும். பொலிஸுக்கு அடிபிடி. டொக்டருக்கு வெள்ளைச் சட்டையும் ஒரு வயர்த்துண்டும் போதும். தபால்காரருக்கு ஆள் கிடைப்பது கஷ்டம். கடிதம் என்றாலே கடன் அறிவித்தல் என்று பழகிய வீடுகளில் அவரை உதவி செய்பவராக எண்ண மனம் வருவதில்லை. கங்காணி வேடம் மட்டும் ஒத்திகையே இல்லாமல் மேடையேறும். இரண்டு கையையும் பின்னால் கட்டி, வயிற்றை முன்னால் தள்ளி, “என்னா, இன்னும் மரத்தடியிலேயே நிக்கிற?” என்று ஒரு அதட்டல் விட்டால் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மாருக்குச் சிரிப்பு அடங்காது. அசல் கங்காணி பெற்றோர் வரிசையில் இருந்தால் அவரும் சிரிப்பார், கொஞ்சம் பிந்தி.

இந்தச் செயற்பாடுகளுக்கெல்லாம் உச்சம் மாணவர் சந்தை. காசு, நிறை, கூட்டல், கழித்தல், பேச்சு எல்லாவற்றையும் ஒரே நாளில் படிப்பித்துவிடலாம் என்பது அதன் நோக்கம். மைதானத்தில் மூங்கில் நட்டுக் கிடுகு போட்டுச் சிறு கடைகள் எழும்பும். வலயக் கல்விப் பணிமனையிலிருந்து ஒருவர் வந்து நாடா வெட்டுவார். கடைகளில் வெல்லஸ்ஸ மண்ணின் விளைச்சல் எல்லாம் இருக்கும்: சோளன், கௌப்பி, கச்சான், மரவள்ளிக்கிழங்கு, பலாக்கொட்டை, பிபிலைத் தோடம்பழம், லயத்துக் கொல்லையில் ஒடித்த கறிவேப்பிலை. கொல்லையில் ஒன்றும் இல்லாத வீட்டார் முதல்நாள் டவுன் சந்தையில் வாங்கி வந்து பிள்ளையின் கையில் கொடுத்துவிடுவார்கள். அதைப் பிள்ளை வாங்கிய விலைக்குக் கீழே விற்றுத் தீர்த்துவிட்டு, “எல்லாம் முடிஞ்சிருச்சு” என்று பெருமையோடு வந்து நிற்கும். மலிவு தெரிந்த டவுன் வியாபாரி ஒருவர் இரண்டாம் முறை பையோடு வருவதும் நடக்கும்.

கடைக்காரர்கள் மூன்று வகை. முதல் வகை, கேட்டவுடன் கொடுத்துவிடுகிறவர்கள். அதிபர் கேட்டால் காசே வாங்கமாட்டார்கள். “பரவாயில்ல சேர்” என்று சொல்லிவிட்டு, அவர் போனதும் பொருளை எண்ணிப் பார்த்து அழுவார்கள். இரண்டாம் வகை, பொருளோடு பிரிய மனமில்லாதவர்கள். முந்நூறு ரூபாய்க்குக் குறைத்துக் கொடுக்காதே என்று தாய் சொல்லிவிட்ட ஒரு பலாப்பழத்தை மடியில் அணைத்தபடி ஒரு சின்னப் பெண் மத்தியானம் வரை இருக்கும். முந்நூறு தருகிறேன் என்று ஒருவர் வந்தாலும், “அம்மாகிட்ட கேக்கணும்” என்று பதில் வரும். மூன்றாம் வகை அபூர்வம். அவன் தன் கச்சானைக் கால் மணித்தியாலத்தில் விற்றுவிட்டு, அந்தக் காசோடு பக்கத்துக் கடைகளுக்குப் போய் உளுந்து வடையும் தோடம்பழமும் வாங்கிச் சாப்பிட்டு முடித்திருப்பான். இலாபம் எவ்வளவு என்று டீச்சர் கேட்டால் வயிற்றைத் தடவிக் காட்டுவான். கணக்கில் அது பிழை; பொருளியலில் பிழை என்று அடித்துச் சொல்ல முடியாது.

விளையாட்டு விழாவில் சொல்ல அதிகமில்லை. தேசிக்காய்க் கரண்டி ஓட்டத்தில் தேசிக்காயைக் கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்து ஓடுவது அனுமதிக்கப்படாவிட்டாலும் வழக்கத்தில் உள்ளது. பெற்றோருக்கான கயிறு இழுத்தலில் இறப்பர் பால் வாளி சுமக்கும் தாய்மார் அணியை எதிர்க்க எந்தத் தகப்பன் அணியும் முன்வருவதில்லை.

வெளிக்களப் பயணம் இரண்டு விதம். கிட்டப் போவது ஒன்று, எட்டப் போவது மற்றது. கிட்டப் போவதென்றால் தபால் நிலையம், ஓடை அல்லது தோட்டத்துத் தொழிற்சாலை. இறப்பர் தொழிற்சாலைக்குப் போன வகுப்பில் விளக்கம் சொல்ல வேண்டியவர் ஆசிரியர். ஆனால் அவர் மட்டக்களப்பிலிருந்து இடமாற்றத்தில் வந்தவராக இருந்தால் பாடம் திசை மாறிவிடும். “பால்ல அமிலம் ஊத்தினா கட்டிரும் டீச்சர். அப்புறம் மிசின்ல உருட்டி ஷீட் ஆக்கி, புகைக் கூட்டுல தொங்கப் போடுவாங்க. அந்தா எங்க மாமா நிக்கிறாரு” என்று ஒரு பிள்ளை சொல்லிக்கொண்டே போகும், டீச்சர் குறிப்பெடுப்பார். வாடை தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொள்கிறவர் அந்தக் கூட்டத்தில் அவர் ஒருவர்தான்.

எட்டப் போவது வருடாந்தக் கல்விச் சுற்றுலா. பெற்றோரின் சம்மதக் கடிதம், வலயத்தின் அனுமதி, பஸ்ஸின் பத்திரங்கள், நோக்கங்கள் எழுதிய தாள் எல்லாம் வேண்டும். எங்கே போவது என்று ஒரு கூட்டமும் நடக்கும். ஒருவர் தியலும நீர்வீழ்ச்சி என்பார். 220 மீற்றர் உயரம், பார்த்தால் புவியியல். இன்னொருவர் மாளிகாவில என்பார். காட்டுக்குள் விழுந்து கிடந்து 1991இல் மறுபடி நிமிர்த்தப்பட்ட புத்தர் சிலை, வரலாறு. எல்லாரும் பேசி முடித்தபின் பின்வரிசையிலிருந்து ஒரு பாட்டி, “கதிர்காமத்துக்கு ஒரு நேர்த்தி பாக்கி இருக்கு” என்பார். அதோடு கூட்டம் முடிந்துவிடும். கதிர்காமம் மொனராகலை மாவட்டத்துக்குள்ளேயே இருப்பதால் செலவும் குறைவு.

காலை 5 மணிக்குப் புறப்பாடு என்றால் 4 மணிக்கே பிள்ளைகள் வந்துவிடுவார்கள், 6 மணிக்கு பஸ் வரும். யன்னல் பக்கம் யாருக்கு என்ற வழக்கு புத்தள சந்தியோடு தீரும். அதற்குள் யன்னல் பக்கத்துப் பிள்ளைக்குச் சத்தி வந்திருக்கும். தேசிக்காய் முகர்வதும் பொலித்தீன் பை பிடிப்பதும் உதவிக்கு வந்த தாய்மாரின் வேலை. சாப்பாட்டுப் பார்சல் பகலுக்கென்று கட்டியது. ரொட்டியும் இடிசம்பலும் வாட்டிய வாழையிலையில் கட்டிய சோறும் வாசம் விடத் தொடங்கினால் பகல் எங்கே வரும்? முதல் பார்சல் பாடசாலைக் கேட்டைத் தாண்டியதும் அவிழும்.

வெல்லவாய வழியாகப் போனால் புதுருவகல. ஒரே பாறையில் ஏழு உருவங்கள், நடுவில் நிற்பது ஏறத்தாழ 51 அடி. ஆசிரியர் மகாயானம் பற்றி ஆரம்பிப்பார். பிள்ளைகள் பாறையில் ஓடும் ஓணானை எண்ணிக்கொண்டிருப்பார்கள். புத்தளயிலிருந்து காட்டு வழியாக நேரே போனால் யானை. அந்தத் தெருவில் சில யானைகள் சுங்க அதிகாரி மாதிரி நடுவில் நின்று, வாகனத்துக்குள் தும்பிக்கையை விட்டுச் சோதிக்கும். தீனி போடக் கூடாது என்பது சட்டம். சட்டம் யானைக்குத் தெரியாது. டிரைவர் என்ஜினை மெதுவாக்க, ஆசிரியர்கள் மூச்சு விடாமல் இருக்க, பயப்பட வேண்டிய பிள்ளைகளோ “எங்க கொல்லைக்கு வாறது இதைவிடப் பெரிசு” என்று விமர்சனம் செய்வார்கள். சோளக்காட்டைக் காவல் காக்க யானை வெடி போடும் வீட்டுப் பிள்ளைக்கு யானை ஒரு சுற்றுலாத் தலம் அல்ல, பக்கத்து வீட்டுத் தொல்லை.

கதிர்காமத்தில் மாணிக்க கங்கையில் இறங்கியவர்களைக் கரையேற்றுவதுதான் அன்றைய நாளின் பெரும் பகுதி. நேர்த்திகள் ஒவ்வொன்றாக நிறைவேறும். திங்கட்கிழமை வகுப்பில் கால்வாசிப் பையன்கள் மொட்டையோடு இருப்பதால் இடாப்பு அடையாளம் இட டீச்சர் தடுமாறுவார். சுற்றுலா அறிக்கையின் நோக்கங்கள் பகுதியில் இது இடம்பெறாது.

தப்பித்தவறிப் பதுளைக்குப் போகும் வருடமும் உண்டு. மொனராகலை மாவட்டத்தில் ரயில் பாதையே இல்லை. ஆகவே கோச்சி பார்ப்பது என்றால் பசறை மலையேறிப் பதுளைக்கு வரவேண்டும். 1924இல் பாதை அங்கே வந்து நின்றது. பதுளையில் ஏறி எல்ல நிலையத்தில் இறங்குவது வழமை. இடையில் தெமோதரை நிலையத்துக்குக் கீழே உள்ள சுரங்கம் வழியாக அதே பாதை சுற்றி ஓடுகிறது. இதைக் கையால் வட்டம் போட்டு விளக்கும் ஆசிரியர், தானே திசை தெரியாமல் பாதியில் விட்டுவிடுவார். பிறகு 1921இல் கட்டிய ஒன்பது வளைவுப் பாலம் வரும். அதைப் பார்க்கத்தான் இத்தனை பேரும் வந்தது. ஆனால் கோச்சிக்குள் இருப்பவர்களுக்குப் பாலம் தெரியாது, கீழே மரங்கள்தான் தெரியும். கடந்து முடிந்தபின் “பாலம் எப்ப சேர் வரும்?” என்று கேட்பார்கள். பிள்ளைகள் கடைசிவரை பேசுவது பதுளை நிலையத்தின் கோடியில் தண்டவாளம் முடிந்துபோகும் இடத்தைப் பற்றித்தான்: அங்கே நிற்காமல் கோச்சி போய்விட்டால் என்ன செய்வது?

திரும்பிய பிறகு இரண்டு எழுத்து வேலைகள் மிச்சம். “நாங்கள் சென்ற சுற்றுலா” என்ற கட்டுரை ஒன்று. காலையில் எழுந்தோம், பல் துலக்கினோம், பஸ்ஸில் ஏறினோம் என்று ஒரு பக்கம் நிறைந்துவிடுவதால், போன இடம் கடைசி வரியில்தான் வரும். அதுவும் “மகிழ்ச்சியாகத் திரும்பினோம்” என்ற வரிக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு. சத்தி எடுத்த பிள்ளையும் அதையே எழுதும். மற்றது கணக்கு. பஸ் கூலி, தண்ணீர்ப் போத்தல், கோவில் அர்ச்சனை எல்லாம் கழித்து மிஞ்சுவதைப் பிள்ளைகளுக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டும். பிரித்தால் ஆளுக்குச் சில ரூபாய். சில்லறை எடுக்க டவுனுக்குப் போகும் பஸ் காசு அதைவிடக் கூட. ஆகவே ஆளுக்கொரு டொபி கொடுத்துக் கணக்கு முடிக்கப்படும், சுற்றுலாவுக்கு வராத பிள்ளைகளுக்கும் சேர்த்து.