கடலடி பிலிம் கேமராவும் ஷேட் வேரியேஷனும்: பனியன் ஊரிலிருந்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

விலை மலிந்த, தண்ணீர் புகாத, ரோல் மாற்றி மாற்றிப் பயன்படுத்தக்கூடிய பிளாஸ்டிக் பிலிம் கேமராவை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு ஸ்நார்க்கலிங் போகிறவர், திருப்பூரின் தரச் சோதனை ஒன்றில்கூடத் தேறாத சரக்கைத் தயாரிக்கிறார். ஆயினும் அந்தச் சரக்கில் ஒரு பீஸ்கூட ரிட்டர்ன் ஆவதில்லை. இது ஏன் என்பதே ஆய்வுச் சிக்கல். கடலே இல்லாத ஊருக்குக் கடலடி ஆய்வு எதற்கு என்று கேட்போருக்கு ஒரே பதில்: நிறத்திலும் அளவிலும் குறை கண்டுபிடிக்க இதைவிடத் தகுதியான ஊர் பூமியில் இல்லை.

முன்னோர் பணி

1856இல் இங்கிலாந்தின் வேமத் கரையில் வில்லியம் தாம்ஸன் கேமராவைப் பெட்டிக்குள் வைத்துக் கடலில் இறக்கினார். கேமராவுக்குள் தண்ணீர் புகுந்தது, படமும் வந்தது. 1893இல் பிரான்சின் பன்யூல்ஸில் லூயி பூத்தான் தாமே மூழ்கிப் படமெடுத்தார். 1963இல் நிக்கான் நிறுவனம் நிக்கோனோஸை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இவையெல்லாம் எக்ஸ்போர்ட் ரகம். நம் ஆய்வுப் பொருளோ திருப்பூர்க் காதர்பேட்டைச் சந்தையின் மலிவு ரகம்: பிளாஸ்டிக் லென்ஸ், ஒரே அப்பர்ச்சர், ஒரே ஷட்டர் வேகம், திருகுவதற்கு ஃபோகஸ் வளையம் கிடையாது. மேலே ஒரு தெளிந்த உறை, அதன் விளிம்பில் ஒரு ரப்பர் வளையம், அவ்வளவே. 400 அல்லது 800 ஐஎஸ்ஓ ரோல் போட்டு, வெயிலை நம்பிக் குதிக்க வேண்டும்.

சோதனை 1: ஷேட்

சாயம் ஏறி வந்த துணியை லைட் பாக்ஸில் டி65, டிஎல்84 என இரு விளக்கிலும் காட்டி, ஒப்புதல் பெற்ற லேப் டிப் எனும் சாய மாதிரியோடு ஒட்டிப் பார்ப்பது திருப்பூர்க் கண். கடலுக்கு இந்த ஒழுக்கம் கிடையாது. அது முதலில் சிவப்பை விழுங்கும், பிறகு ஆரஞ்சை, பிறகு மஞ்சளை. ஐந்து மீட்டர் ஆழம் போவதற்குள் சிவப்பில் பெரும்பகுதி காலி. ஆழம் மட்டும் கணக்கில்லை. மீனிடமிருந்து லென்ஸ் வரை ஒளி நடக்கும் தூரமும் சேரும். ஆகவே செக்கச்சிவந்த டீ-ஷர்ட்டில் இறங்கிய மைத்துனர் படத்தில் பழுப்பாக நிற்பார். கரையேறியதும் சிவப்பு திரும்பிவிடும். போனது சாயமல்ல, ஒளி என்பதால் எந்த டையிங்காரர் மீதும் டெபிட் நோட் போட முடியாது. முடிவு: ரிஜக்ட்.

சோதனை 2: அளவு

தட்டையான கண்ணாடி வழியாகத் தண்ணீருக்குள் பார்த்தால் பொருள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், உள்ள தூரத்தில் முக்கால் தூரத்திலும் தோன்றும். துவைத்தால் சுருங்குமே என்று காம்பேக்டிங் கொடுத்து, ஐந்து சதவீதத்துக்குள் அடக்கப் பாடுபடும் ஊருக்கு, நனைந்ததும் 33 சதவீதம் பெருகும் சரக்கு புதிது. கேமராவும் இதே மயக்கத்தில்தான் இருக்கிறது. தரையில் ஒரு மீட்டருக்கு அப்பால் தெளிவாக எடுக்கும் லென்ஸ், நீருக்குள் ஏறத்தாழ 1.3 மீட்டர் கேட்கும். மீனின் முகத்தருகே நீட்டினால் கிடைப்பது மீனல்ல, மீனின் வதந்தி. முடிவு: ரிஜக்ட்.

சோதனை 3: பஞ்சு

இந்தக் கேமராவின் உயிர் அந்த ரப்பர் வளையத்தில் இருக்கிறது. அதன்மேல் ஒரு முடியோ, மணல் துகளோ, நூல் இழையோ கிடந்தால் தண்ணீர் உள்ளே வழி கண்டுபிடித்துவிடும். நிட்டிங் மெஷினும் ஓவர்லாக்கும் ஓடும் ஊரில் காற்றே பஞ்சு கலந்தது. ஆகவே சுற்றுலாவுக்கு முந்தின இரவு கம்பெனியில், கட்டிங் டேபிள் மேல் வைத்து ரோல் மாட்டுவது தற்கொலைக்கு ஒப்பு. பிலிம் செய்வதற்கு இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஊட்டி மலைக்கு ஏன் போனது என்பது பனியனில் ஒட்டிய பஞ்சைத் தட்டும்போது விளங்கும்.

சோதனை 4: உள்ளூர் நீர்

ஒப்பீட்டுக்காகத் திருப்பூரின் நொய்யல் ஆற்றையும் கருத்தில் கொண்டோம், இறங்கவில்லை. எந்த மாதம் எந்த நிறத்துக்கு ஆர்டர் என்பதை ஆற்றைப் பார்த்தே சொன்ன காலம் ஒன்று இருந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாது என்ற விதி அதற்கு முன்பே இருந்தது, அது இறுகியது அதன் பிறகுதான். அன்றைய நொய்யலில் எடுத்த படத்தில் நிறம் மாறியிருந்தால், ஒளியியலைக் குறை சொல்லியிருக்க முடியாது.

களம்

எனவே களம் மன்னார் வளைகுடாப் பக்கம் நகர்கிறது. 1986இல் கடல்வாழ் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 21 தீவுகளின் வரிசை அது. பவளப்பாறையை வெட்டியெடுத்ததும் சேர்ந்து, பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. எந்த ஏற்றுமதியாளரும் ஒப்புக்கொள்ளாத ஷார்ட்டேஜ் இது. மிஞ்சிய பவளத்தை மிதிக்காமல் மிதப்பது ஆய்வாளர் கடமை. வெயில் உச்சியில் இருக்கும்போது, தெளிந்த நீரில், முதுகில் சூரியனோடு மிதந்தால் 36 பிரேமில் சில தேறும்.

திரும்பியதும் கேமராவை நல்ல தண்ணீரில் அலச வேண்டும். பிறகு ரோல் சி-41 முறையில் கழுவப்படும்: டெவலப்பர் 37.8 டிகிரி, 3 நிமிடம் 15 நொடி. இதைக் கேட்ட எந்தச் சாயப்பட்டறை மாஸ்டரும் "நம்ம வேலைதானுங்" என்பார்.

மறுப்பும் விடையும்

"செல்போனை கவருக்குள்ள போட்டு எடுத்தா உடனே பாத்துக்கலாமுங்களே?" என்பது நியாயமான கேள்வி. உடனே பார்க்கலாம், உடனே அழிக்கவும் செய்வோம். ரோலில் அழிக்கும் பட்டன் இல்லை. மேலும், பையர் ஏன் சரக்கைத் தள்ளுபடி செய்கிறார்? அவர் கையில் அப்ரூவ்டு சாம்பிள் இருக்கிறது. அந்த மீனின் அசல் நிறமோ எவர் கையிலும் இல்லை. நீருக்குள் நீலத்தைக் கழித்துவிட்டுப் பார்த்த நம் கண்ணும் நம்பத்தக்க சாட்சியல்ல. ஒப்பிட மாதிரி இல்லாத இடத்தில் குறைக்கும் இடமில்லை.

தீர்ப்பு

ஷேட் தவறு, அளவு தவறு, பினிஷிங் மோசம், எண்ணிக்கை குறைவு. ஆயினும் சரக்கு பாஸ். ரோலை ஊரில் மாட்டாதீர்கள். ராமேஸ்வரம் போய், கையைத் துடைத்துவிட்டு மாட்டுங்கள்.