கிழக்குக் கரை

ஷாங்காய்க்காரர்களிடம் பழைய சொலவடை ஒன்று உண்டு: ஆற்றுக்குக் கிழக்கே முழு அறை கிடைப்பதைவிட, மேற்கே ஒரு கட்டில் கிடைப்பது மேல். 1988-இல் எங்கள் சரக்குக் கப்பல் பழுதுபார்க்கப் போய் நின்றது அந்தக் கிழக்குக் கரையில்தான். ஹுவாங்பு ஆறு வளைந்து திரும்பும் முனை. லூஜியாசுய் என்று பெயர். கப்பல் யார்டு, கிடங்குகள், ஓட்டு வீடுகள் நெருக்கியடித்த சந்துகள். அவற்றுக்கு அப்பால் காய்கறி வயல். எதிர்க்கரையில் பண்ட் சாலையின் கல் மாளிகைகள், அந்நிய வங்கிகளும் கம்பெனிகளும் ஒரு காலத்தில் கட்டிவிட்டுப் போனவை, வரிசையாக நின்றன.

நகரின் நடுவே ஆற்றுக்குப் பாலம் கிடையாது. நான்பு பாலம் வந்தது 1991-இல். அதுவரை பெரும்பாலோருக்குப் படகுதான் கதி. 1987 டிசம்பரில் ஒருநாள் மூடுபனியால் படகுகள் நின்றுபோயின. பனி விலகியதும் காத்திருந்த கூட்டம் மொத்தமாகப் பாய்ந்ததில் லூஜியாசுய் படகுத்துறையில் பலர் நசுங்கிச் செத்தார்கள். நாங்கள் போனபோது யார்டில் அந்தப் பேச்சு இன்னும் அடங்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியோ நல்ல பள்ளிக்கூடமோ, எதற்கும் ஆற்றைத் தாண்டியாக வேண்டும்.

நான் அப்போது ஃபோர்த் இன்ஜினியர். மெயின் இன்ஜின் பேரிங் வேலைக்கு ஐம்பதைக் கடந்த ஒரு ஃபிட்டர் வந்தார். யார்டில் எல்லோரும் அவரை ஷிஃபு, அதாவது ஆசான், என்பார்கள். நானும் அப்படியே அழைத்தேன். ஜாம் பாட்டிலில் தேயிலையைப் போட்டுக் கொண்டுவருவார். அதே இலைக்கு நாள் முழுக்க வெந்நீர் மட்டும் மாறிக்கொண்டிருக்கும். கிராங்க் ஷாஃப்டில் நீலச் சாயத்தை மெல்லிசாகத் தடவி, பேரிங்கைப் பொருத்தி, ஷாஃப்டைச் சுற்றவிட்டுக் கழற்றுவார். வெள்ளை உலோகத்தில் நீலம் ஒட்டிய இடமெல்லாம் மேடு. ஸ்கிரேப்பரால் அந்த மேட்டை மட்டும் சுரண்டுவார். மறுபடி சாயம், மறுபடி சுற்று, மறுபடி சுரண்டல். நீலப் புள்ளிகள் சீராகப் பரவும்வரை விடமாட்டார். நான் புத்தகத்தில் படித்திருந்த அளவுகள் அவருக்கு விரல் நுனியில் தெரிந்தன. மேட்டின் மேல் என் விரலைப் பிடித்து வைத்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிச் சைகை காட்டுவார். பேரிங் வேலையை நான் கற்றது அவரிடம்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைத்துப் போனார். இரண்டு தலைமுறையும் ஒரே அறையில். வாசலில் நிலக்கரி வில்லை அடுப்பு. கழிப்பறை கிடையாது, மூடி போட்ட மரவாளிதான். விடிந்ததும் அதைச் சந்து முனைக்குத் தூக்கிப்போய்க் கொட்டிக் கழுவி வரவேண்டும். இதில் ரசிக்க எதுவுமில்லை. அந்தச் சந்துகள் போனதற்காக நான் அழ மாட்டேன்.

மாலையில் கப்பல் தளத்தில் நின்றால் எதிர்க்கரையின் சுங்க மாளிகை மணி கேட்கும். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மணியின் ராகம். கலாசாரப் புரட்சி தொடங்கிய 1966-இல் அதை நிறுத்திவிட்டு, மாவோவைப் போற்றும் ‘கிழக்கு சிவக்கிறது’ பாட்டை மணியில் ஏற்றினார்கள். 1986-இல் எலிசபெத் ராணி வந்தபோது லண்டன் ராகம் திரும்பி வந்தது. அண்மையில் மறுபடி போனபோது நான் கேட்டது மாவோ பாட்டு. 2003 முதல் அதுதான். நகரம் கூப்பன் கொடுத்து அரிசி வாங்கிக்கொண்டிருந்த காலத்தில் அதன் மணி லண்டனைப் பாடியது. இன்று அந்தச் செம்பாட்டு ஆற்றைக் கடந்து வந்து ஒலிப்பது, வங்கிகளும் காப்பீட்டுக் கம்பெனிகளும் பங்குத் தரகர்களும் நிறைந்த கோபுரங்களின் அடியில். 632 மீட்டர் உயரம், 128 தளம் கொண்ட ஷாங்காய் டவர் உடலை முறுக்கியபடி எழுந்து நிற்கிறது. அதன் பக்கத்தில் 492 மீட்டர் உலக நிதி மையமும், 88 தளம் கொண்ட ஜின் மாவ் கோபுரமும். மூன்றையும் ஒரே பார்வையில் பார்க்கக் கழுத்தை முழுவதும் பின்னால் சாய்க்க வேண்டியிருந்தது.

பணம் இங்கே வந்த வழியும் விசித்திரமானது. 1986-இல் நியூயார்க் பங்குச் சந்தையின் தலைவர் ஜான் ஃபீலன் பெய்ஜிங் வந்தபோது சீனத் தலைவர் டெங் சியாவோபிங் அவருக்கு ஒரு பரிசு தந்தார்: ஃபெய்லே அக்கூஸ்டிக்ஸ் என்ற ஷாங்காய் நிறுவனத்தின் பங்குப் பத்திரம் ஒன்று. அதில் வேறொருவர் பெயர் இருந்தது. தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள ஃபீலன் ஷாங்காய்க்கே வந்தார். பங்கு வாங்க, விற்க அப்போது அங்கே இருந்தது ஒரு குறுகலான கவுண்டர். 1990 டிசம்பர் 19-இல் முறையான சந்தை திறந்தது, ஆற்றுக்கு வடமேற்கே ஒரு பழைய ஹோட்டலில், எட்டே பங்குகளுடன். 1997-இல் அது ஆற்றைக் கடந்து லூஜியாசுய்க்கு வந்தது. இங்கே விலைப் பலகையில் ஏற்றம் சிவப்பு, இறக்கம் பச்சை.

எதிர்க்கரையில் 1923-இல் ஹாங்காங் ஷாங்காய் வங்கி கட்டிய மாளிகை இருக்கிறது. அதன் கூரை மாடத்தில் எட்டு வங்கி நகரங்களை வண்ணக் கல் பதித்து வரைந்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்று நம் கல்கத்தா. அதன் முன் நான் வெகுநேரம் நின்றேன். கல்கத்தாவில் ஏலம் போன அபினிக்காக நடந்த போர்தான் ஷாங்காய்த் துறைமுகத்தை அந்நியருக்குத் திறந்துவிட்டது. கம்யூனிஸ்ட் புரட்சிக்குப் பின் மாளிகை நகர அரசின் அலுவலகமானது. ஓவியங்கள் பூச்சுக்குள் மறைந்தன. 1990-களில் பூச்சைச் சுரண்டியபோது வண்ணம் மங்காமல் வெளியே வந்தன. அந்த வங்கியோ இன்று கிழக்குக் கரையில், தன் பெயர் தாங்கிய கோபுரத்தில் இருக்கிறது. போன அந்நியர்கள் திரும்பி வந்தபோது, யாரும் வேண்டாம் என்ற கரைக்கே வந்திருக்கிறார்கள்.

கோபுரங்களுக்கு நடுவே பெரிய புல்வெளிப் பூங்கா. முன்பு இங்கே வீடுகள் மொய்த்துக் கிடந்தன. ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெயர்த்து வேறிடத்தில் குடியமர்த்திவிட்டுப் புல் வைத்தார்கள். ஷிஃபுவின் சந்து இதற்குள் இருந்ததா, சற்றுத் தள்ளியா, என்னால் கைகாட்ட முடியவில்லை. பழைய தெருவின் திசைகூடத் தரையில் மிச்சமில்லை. ஒரே ஒரு பழைய வீட்டை மட்டும் காப்பாற்றியிருக்கிறார்கள். சென் குய்சுன் என்ற வணிகர் 1910-களில் மரச் செதுக்கலும் முற்றமுமாகக் கட்டிய மாளிகை. இப்போது வூ சாங்ஷுவோ என்ற ஓவியரின் நினைவகம். அழகான வீடு, காப்பாற்றியது சரி. ஆனால் தொழிலாளர் பெயரால் ஆட்சி நடக்கும் நாட்டில், அந்த மண்ணின் நினைவாக எஞ்சியது பணக்காரர் வீடு என்பது எனக்கு வலித்தது. ஷிஃபுவுக்குச் சமையலறையும் கழிப்பறையும் உள்ள அடுக்ககம் எங்கோ தொலைவில் கிடைத்திருக்கும். கிடைத்திருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அதற்கு விலையாக அவர் விட்டுப்போன மண் இன்று ஷாங்காயின் மிக விலை உயர்ந்த மண்.

யார்டு சோங்மிங் தீவுக்குப் போய்விட்டது. ஆற்றோரமாக ஓடவும் சைக்கிள் விடவும் பாதை போட்டிருக்கிறார்கள். 2017 கடைசியில் இரு கரையிலுமாக 45 கிலோமீட்டர் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். நாங்கள் அனுமதிச் சீட்டைக் காட்டி நுழைந்த இடத்தில் குழந்தைகள் ஸ்கேட்டிங் போகிறார்கள். அது நல்ல காரியம். யார்டின் பழைய இயந்திரக் கூடம் ஒன்றை ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கெங்கோ குமாவின் வடிவமைப்பில் நாடக அரங்கும் கடைகளுமாக மாற்றியிருக்கிறார்கள். யார்டு தொடங்கிய ஆண்டான 1862 அதன் பெயரிலேயே இருக்கிறது. கான்கிரீட் தூண்களை மழுப்பாமல் விட்டிருக்கிறார்கள். உள்ளே நல்ல காபி கிடைக்கிறது.

தளம் தளமாகத் தேடினேன். தொடங்கிய ஆண்டு இருக்கிறது, கட்டடக் கலைஞர் பெயர் இருக்கிறது. இங்கே ஸ்கிரேப்பர் பிடித்தவர்கள், தகடு வெட்டியவர்கள், மூடுபனியில் படகுக்குக் காத்து நின்றவர்கள், அவர்களில் ஒருவர் பெயரும் என் கண்ணில் படவில்லை. சம்பளப் பதிவேடு எங்காவது இருக்கும். அந்தப் பெயர்களை எடுத்து இங்கே பொறிக்க வேண்டும். கூடத்தின் நீளச் சுவர்களில் இடம் தாராளமாக இருக்கிறது.